சேவியர் என்றால் புது வீடு

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவரவர் பெயரின் பொருளை வீட்டில் கேட்டு எழுதி வரும்படி வகுப்பில் ஆசிரியை சொல்லியிருக்கிறார். முகிலன் ‘மேகம்’ என்று எழுதிக்கொண்டு வந்தான். கயல்விழி ‘மீன் போன்ற கண்’ என்று எழுதினாள். வாசகியின் மகன் பெயர் சேவியர். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். பொருள் என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ‘என் பெயருக்குப் பொருள் இல்லை’ என்று நோட்டில் எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து பையன் அழுதானாம்.

“எதற்கு வெள்ளைக்காரன் பெயர் என்று உறவுக்காரர்கள் சிலர் முன்பே கேட்டார்கள். இப்போது பிள்ளையே கேட்கிறான். பெயரை மாற்றிவிடலாமா என்றுகூட யோசிக்கிறோம். இந்தப் பெயருக்கு ஏதாவது பொருள் உண்டா ஐயா?” என்று முடித்திருக்கிறார்.

உண்டு அம்மா. சேவியர் என்றால் புது வீடு.

அது ஆங்கிலச் சொல்லும் இல்லை, போர்த்துக்கீசியச் சொல்லும் இல்லை. பாஸ்க் என்ற மொழிச் சொல். ஸ்பெயினின் வடக்கிலும் பிரான்சின் தென்மேற்கு மூலையிலும், பிரனீஸ் மலைத்தொடரின் மேற்கு முனையைச் சுற்றி வாழ்கிறவர்கள் பாஸ்க் மக்கள். அக்கம்பக்கத்து ஸ்பானியமும் பிரெஞ்சும் இலத்தீன் பெற்ற பிள்ளைகள். பாஸ்க் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. ரோமானியர்கள் இலத்தீனைக் கொண்டுவருவதற்கு முன்பே அந்த மலைப்பகுதியில் பேசப்பட்ட மொழிவழி அது. உலகின் வேறு எந்த மொழியோடும் அதற்கு உறவு உண்டென்று இதுவரை நிறுவப்படவில்லை. தமிழோடு முடிச்சுப் போட்டு எழுதியவர்களும் இருக்கிறார்கள். மொழியியல் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. நாமும் அந்த ஆசையை விட்டுவிடுவோம். உள்ள கதையே போதும்.

வீடுதான் பெயர் கொடுத்தது

பாஸ்க் மொழியில் ‘எச்சே’ என்றால் வீடு. ‘பெர்ரி’ என்றால் புதிய. கடைசியில் ‘ஆ’ சேர்த்தால் ‘அந்த’ என்று சுட்டும். எச்செபெர்ரியா என்றால் அந்தப் புது வீடு. நாம் புது வீடு என்கிறோம். அவர்கள் ‘வீடு புது’ என்கிறார்கள். மலாயில் ‘ரூமா பாரு’ என்கிறோமே, அதே வரிசை.

வீட்டின் பெயர் எப்படி ஆளின் பெயராயிற்று? பழைய பாஸ்க் நாட்டில் மனிதருக்கு அடையாளம் கொடுத்தது வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. அதில் குடியிருந்தவர்கள் அந்தப் பெயரால் அழைக்கப்பட்டார்கள். வேற்றிடத்திலிருந்து மணம் முடித்து வந்த மருமகனுக்கும் பல ஊர்களில் வந்த வீட்டின் பெயரே வழங்கியது. நம் நாட்டுத் தெலுங்கு நண்பர்கள் குடும்பப் பெயரை ‘இண்டி பேரு’ என்பார்கள். வீட்டின் பெயர் என்றுதான் அதற்கும் அர்த்தம். பாஸ்க் மக்களிடம் அது சொல்லுக்குச் சொல் உண்மை.

அதனால் பாஸ்க் குடும்பப் பெயர்கள் பலவற்றைப் பிரித்துப் பார்த்தால், ஒரு வீடும் அது நிற்கும் இடமும் கண்ணில் படும். கொய்க்கோஎச்சேயா என்றால் மேல வீடு. எச்செஆண்டியா என்றால் பெரிய வீடு. எலிசோண்டோ என்றால் தேவாலயத்துப் பக்கம். மெண்டிசாபால் என்றால் அகன்ற மலை. தென்னமெரிக்க நாடுகளின் விடுதலைக்குப் போரிட்ட சிமோன் பொலிவாரின் பெயர்கூட பாஸ்க் நாட்டு ஊர்ப்பெயர்தான். ‘ஆலை இருக்கும் பள்ளத்தாக்கு’ என்று அதற்குப் பொருள்.

இவற்றுள் புது வீடு என்ற பெயர் மிகவும் பரவலானது. அதற்கும் காரணம் இருக்கிறது. பாஸ்க் நாட்டின் பெரும்பகுதியில் வீட்டையும் நிலத்தையும் பிள்ளைகளுக்குப் பங்கு போடமாட்டார்கள். ஒரே பிள்ளை முழுவதையும் பெறும். மற்றவர்கள் வெளியே போய்ப் பிழைப்புத் தேட வேண்டும். அப்படிப் போனவர்களில் சிலர் தனி வீடு கட்டினால், ஊர் அதைப் ‘புது வீடு’ என்றது. நூறு, இருநூறு ஆண்டுகள் கழித்து அந்த வீடு இடிந்து பழசாய்ப் போனாலும் பெயர் மட்டும் புது வீடாகவே நின்றது.

ஸ்பெயினிலும் தென்னமெரிக்காவிலும் எச்செவெர்ரியா, பிரான்சுப் பக்கம் எட்செவெர்ரி, இன்னும் சுருங்கி எச்சாவார்ரியா, சவார்ரியா என்று இந்தப் பெயர் பல உருவங்களில் உலவுகிறது. மெக்சிகோவில் 1970 முதல் 1976 வரை அதிபராக இருந்தவர் லூயிஸ் எச்செவெர்ரியா. அவருடைய குடும்பப் பெயரும் பட்டர்வொர்த் பையனின் பெயரும் ஒரே சொல்.

எச்செபெர்ரி ஷவியேர் ஆன கதை

நவாரா என்பது பிரனீஸ் மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய அரசு. அதன் கிழக்கு எல்லையில், அரகோன் அரசை ஒட்டி ஒரு கோட்டை வீடு இருந்தது. அதற்கும் அதைச் சுற்றிய ஊருக்கும் பெயர் ‘புது வீடு’. பாஸ்க் பேச்சும் இலத்தீன் வழிவந்த பேச்சும் உரசிக்கொண்ட பகுதி அது. காலப்போக்கில் அங்கே இலத்தீன் வழிப் பேச்சு மேலோங்கியது. ஊரின் பெயரும் அந்த நாக்குக்கு ஏற்ப மாறியது.

முதலில் சொல்லின் தலையிலிருந்த எகரம் விழுந்தது. அடுத்து ‘ச்ச’ என்ற ஒலி ‘ஷ’ ஆயிற்று. ‘பெர்ரி’யில் உள்ள எகரம் ‘இயெ’ என்று நீண்டது. நிலத்தைக் குறிக்கும் இலத்தீன் ‘தெர்ரா’ ஸ்பானியத்தில் ‘தியெர்ரா’ ஆனதே, அதே மாற்றம். எச்சபெர்ரி தேய்ந்து ‘ஷவியேர்’ ஆகிவிட்டது. பக்கத்து அரகோன் மலைப்பகுதியில் ஹவியேர்ரே என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் இன்றும் உண்டு. அவையும் புது வீடுகள்தாம். இன்று பாஸ்க் பேசாத அந்த மலைகளில் ஒரு காலத்தில் பாஸ்கோ அதன் உறவுமொழியோ பேசப்பட்டது என்பதற்கு இந்தப் பெயர்களையே சான்றாகக் காட்டுகிறார்கள்.

எல்லைக் கோட்டை என்பதால் அது கைமாறியது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரகோன் பிரபு ஒருவர் நவாரா அரசரிடம் கடன் வாங்கி, கோட்டையை அடமானம் வைத்தார். கடன் திரும்பவில்லை. கோட்டை நவாராவோடு சேர்ந்தது. பிறகு ஓர் உயர்குடிக் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டு, வாரிசு வழியாகவும் திருமண வழியாகவும் இறங்கி, 15ஆம் நூற்றாண்டின் முடிவில் மரியா தெ அஸ்பில்குவெத்தா என்ற பெண்ணிடம் வந்தது. அவர் மணந்தவர் ஹுவான் தெ ஜாசோ. இத்தாலியில் சட்டம் படித்து டாக்டர் பட்டம் பெற்று, நவாரா அரசவையின் தலைவராக உயர்ந்தவர். இவர்களுடைய கடைசிப் பிள்ளை பிரான்சிஸ், 1506 ஏப்ரல் 7 அன்று அந்தக் கோட்டையில் பிறந்தார்.

ஒரே வீட்டில் மூன்று பெயர்

அந்த வீட்டில் தந்தையின் பெயர் ஜாசோ. மூத்த மகன் மிகேல், கோட்டையின் வாரிசு என்பதால், ‘தெ ஷவியேர்’. இரண்டாவது மகன் ஹுவான் தாய்வழிப் பெயரை எடுத்துக்கொண்டு ‘தெ அஸ்பில்குவெத்தா’ ஆனார். கடைசி மகன் பிரான்சிஸ் தந்தையின் பெயரை விட்டுவிட்டு, தாய் கொண்டுவந்த வீட்டின் பெயரை ஏற்றுக்கொண்டார். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த சகோதரர்கள் வெவ்வேறு குடும்பப் பெயரில் வாழ்ந்தது அக்காலத்தில் யாருக்கும் விநோதமாகப் படவில்லை. பிள்ளைக்குத் தந்தையின் பெயர் ஒன்று, தாயின் பெயர் ஒன்று என்று ஸ்பெயினில் சட்டம் வரையறுத்தது 19ஆம் நூற்றாண்டில்தான்.

பிரான்சிஸ் அந்தப் பெயரை ஏற்ற காலத்தில் வீட்டின் நிலைமை நன்றாக இல்லை. 1512இல் ஸ்பெயின் அரசர் பெர்டினாண்டின் படை நவாராவைப் பிடித்தது. 1515இல் தந்தை இறந்தார். மறு ஆண்டு, பறிபோன அரசை மீட்க ஒரு கிளர்ச்சி நடந்து தோற்றது. அதற்குத் தண்டனையாகக் கோட்டைகளை இடிக்கும்படி ஸ்பெயினின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த கர்தினால் சிஸ்னேரோஸ் ஆணையிட்டார். ஆட்கள் வந்து மதில்களைத் தகர்த்தார்கள், அகழியைத் தூர்த்தார்கள், கோபுரங்களைக் குறைத்தார்கள். குடியிருக்கும் பகுதி மட்டும் மிஞ்சியது. பத்து வயதுப் பையன் கண் முன்னால் ‘புது வீடு’ பாதி இடிந்து போயிற்று.

அண்ணன்மார் இருவரும் நவாராவுக்காகத் தொடர்ந்து போரிட்டார்கள். 1521இல் பம்ப்ளோனா நகர முற்றுகை நடந்தபோது இவர்கள் முற்றுகையிட்ட தரப்பு. நகரைக் காத்த ஸ்பானியத் தரப்பில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர் இன்னொரு பாஸ்க் பிரபு, லொயோலா வீட்டு இஞ்ஞாசியார். எட்டு ஆண்டுகள் கழித்து, பாரிஸ் பல்கலைக்கழகத்து விடுதியில் பிரான்சிஸும் அதே இஞ்ஞாசியாரும் ஒரே அறையில் தங்க நேர்ந்தது. பின்னாளில் இருவரும் சேர்ந்துதான் இயேசு சபைக்கு அடித்தளம் இட்டார்கள்.

பாரிஸில் படிக்கும்போது பிரான்சிஸுக்குத் தம் குலப்பெருமை பற்றிய அக்கறை இருந்தது. தாம் உயர்குடிப் பிறப்பு என்பதற்குச் சான்றிதழ் கேட்டு 1531இல் மனு ஏற்பாடு செய்தார். நவாரா நீதிமன்றம் ஆற அமர விசாரித்து 1536இல்தான் சான்றிதழ் கொடுத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1534 ஆகஸ்ட் 15 அன்று, பிரான்சிஸ் நண்பர்களோடு சேர்ந்து வறுமையில் வாழ்வதாக வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டின் பெருமையை நிரூபிக்கும் தாள் வந்தபோது வீடே வேண்டாம் என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார். 1540இல் கீழ்த்திசைக்குப் புறப்பட்டபோது வழியில் தாயைக்கூடப் பார்க்க மறுத்தார் என்று பிற்காலத்தில் கதை கட்டினார்கள். அது பொருந்தாது. அவருடைய தாய் 1529இலேயே இறந்துவிட்டார்.

முத்துக்குளித்துறையில் ஒரு பாஸ்க்காரர்

1542 மே மாதம் கோவாவில் இறங்கிய பிரான்சிஸ், அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடியை ஒட்டிய பரதவர் ஊர்கள் அவை. சில ஆண்டுகளுக்கு முன்புதான் அம்மக்கள் கூட்டமாகக் கிறிஸ்தவத்தில் சேர்ந்திருந்தார்கள். ஆனால் செபம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தம்முடைய சங்கடத்தை அவர் சொல்கிறார்: அவர்களுடைய தாய்மொழி மலபார், என்னுடையது பாஸ்க், அதனால் ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை என்று. அக்கால ஐரோப்பியர் தமிழைத்தான் மலபார் என்றார்கள். ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் இலத்தீனும் அறிந்தவர், தமிழ்க் கரையில் நின்று தம் மொழி எது என்று சொல்ல வந்தபோது, அம்மா பேசிய மொழியைச் சொன்னார். இரு மொழியும் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். 1545இல் மலாக்கா வந்த பிறகு மலாய் மொழிக்கும் அதையே செய்தார்.

மலாக்காவின் செயின்ட் பால் குன்றுக்குச் சுற்றுலா போனவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன்னால் வலக்கை இல்லாத வெள்ளைச் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அது இவருடைய சிலை. மரம் விழுந்து கை ஒடிந்ததாகச் சொல்வார்கள். அவர் உடலின் வலது முன்கையும் 1614இல் எடுக்கப்பட்டு ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்டது. தேவாலயத்துக்குள் கம்பி வலை போட்ட வெறுங்குழி ஒன்று இருக்கிறது. 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரத்துச் சாங்சுவான் தீவில் இறந்த பிரான்சிஸை, 1553 மார்ச்சில் இங்கே கொண்டுவந்துதான் புதைத்தார்கள். சில மாதங்களில் மீண்டும் எடுத்துக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். புது வீட்டின் பிள்ளைக்குச் செத்த பிறகும் நிலையான வீடு அமையச் சற்றுக் காலம் பிடித்தது.

பெயர் மட்டும் வந்து தங்கியது

1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதன்பின் ஒரு வீட்டின் பெயர், உலகமெங்கும் குழந்தைகளுக்கு இடும் பெயராயிற்று. ஸ்பானியர்களின் வாயில் பழைய ‘ஷ’ ஒலி தொண்டைக்குள் இறங்கி, பெயர் ‘ஹவியேர்’ ஆனது. ஐ.நா.வின் தலைமைச் செயலாளராக இருந்த பெரெஸ் தெ குவேயாரின் முதற்பெயர் அதுதான். போர்த்துக்கீசியர் மட்டும் ‘ஷ’வை விடவில்லை. தமிழ்க் கரைக்கு அவர்கள் மூலமாக வந்த பெயர், அந்தோணியார், செபஸ்தியார் என்று மரியாதையோடு முடிக்கும் நம் வழக்கில் சவேரியார் ஆனது. அதிலிருந்து சவரிமுத்து, சவரிநாதன், சவரியம்மாள் எல்லாம் பிறந்தார்கள். இந்தப் பெயர்களை எந்த நாட்டுப் பெயர் என்று சொல்வது? பாதி பிரனீஸ் மலை, பாதி முத்துக்குளித்துறை. சேவியர் என்ற உச்சரிப்பு பிற்பாடு ஆங்கிலப் பள்ளிகளின் வழியாகப் பரவியது. பினாங்கில் 1852இல் தொடங்கிய செயின்ட் சேவியர் பள்ளியை அங்கே தெரியாதவர் யார்?

பட்டர்வொர்த் அம்மாவுக்கு என் பதில் இதுதான். பெயரை மாற்றுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் குடும்பத்தின் உரிமை. நல்ல தமிழ்ப் பெயர் வைக்க வேண்டும் என்ற ஆசையையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பொருள் இல்லை என்ற காரணத்துக்காக மாற்ற வேண்டாம். வெள்ளைக்காரன் பெயர் என்று கேலி செய்கிறவர்களிடம், அது ஆட்சி செய்ய வந்தவர்களின் மொழியில் பிறந்த சொல் இல்லை என்று சொல்லுங்கள். நாட்டைப் பறிகொடுத்து, வீட்டை இடிக்கக் கொடுத்த ஒரு சிறிய இனத்தின் சொல் அது. இருபதாம் நூற்றாண்டில் பிராங்கோவின் ஆட்சியில் பாஸ்க் பெயர்களைக் குழந்தைகளுக்கு இடவே தடை இருந்தது. இன்று அவர்கள் தங்கள் மொழியை மீண்டும் பள்ளியில் படிக்கிறார்கள். பையனின் பெயரை அவர்கள் ‘ஷாபியேர்’ என்று சொல்வார்கள்.

உங்கள் மகனின் தாத்தாவுக்கு அவருடைய பெற்றோர் அந்தப் பெயரை வைத்தபோது பாஸ்க் மொழியைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள். டிசம்பர் மாதத் திருவிழாவையோ, ஒரு வேண்டுதலையோ நினைத்திருப்பார்கள். அதுவும் ஒரு பொருள்தான். தாத்தாவின் பெயர் என்பது இன்னொரு பொருள். மூன்றையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். நோட்டில் அழித்து எழுத அவனுக்கு இரண்டே சொல் போதும்: புது வீடு.

ஆசிரியை கேட்டால், மலாயில் ரூமா பாரு என்றும் சேர்த்துச் சொல்லட்டும். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பில் அவனும் சேர்ந்துகொள்வான்.

வேறொரு பெயரோடு அடுத்த வாரம் சந்திப்போம்.